திறப்பு விழாவுக்கு ஒரு பிள்ளை

ஒரு பிள்ளை பிறக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால், செல்லங்களே, நீங்களே சொல்லிவிடுவீர்கள். வயிற்றில் பிள்ளை இருக்க வேண்டும். நோவு வரவேண்டும். பக்கத்தில் விவரம் தெரிந்த கை ஒன்று வேண்டும். மாங்கோட்டுவிளை அரசு ஆசுபத்திரிக்கு இவை போதவில்லை. ஒரு மந்திரி, ஐந்து திரி போட்ட குத்துவிளக்கு, தட்டில் வைத்த கத்திரிக்கோல், வாழ்த்திப் பேச ஒன்பது ஆண்கள், இவ்வளவும் சேர்ந்தால்தான் அங்கே பிள்ளை பிறக்கலாம் என்று முடிவாகியிருந்தது. அந்தப் பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தவள் பெயர் பிஜி.

பிஜி தையல்காரி. பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகும் சாலையில், மாங்கோட்டுவிளை முக்கில் அவள் கடை. கணவன் வினீத் பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். மூத்தவள் அஞ்சு பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். அந்த அஞ்சு பிறந்தபோது ‘சுகப்பிரசவம்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சுகம் யாருக்கு என்று எழுதவில்லை. தையல் போட்டார்கள்; ஒரு தையல்காரிக்கு எத்தனை தையல் என்றுகூடச் சொல்லவில்லை. பல நாள் உட்கார முடியாமல் ஒருக்களித்துக் கிடந்தாள். அப்போதே உறுதி எடுத்துக்கொண்டாள்: அடுத்த தடவை எல்லாவற்றையும் முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது. கத்தி வைத்தா, கத்தி இல்லாமலா? எனக்கு எது நல்லது? ஏன்? பிறகு உடம்பு என்ன ஆகும்? ஒரு ரவிக்கைத் துணியை வெட்டுவதற்கு முன்னால், கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம் என்று ஆயிரம் கேட்கிறவள் அவள். தன் வயிற்றுக்கு நாலு கேள்வி கேட்கக் கூடாதா?

ஆசுபத்திரியில் பழைய பிரசவ அறையை இடித்துவிட்டு இரண்டு நிலைக் கட்டடம் கட்டியிருந்தார்கள். கீழ்நிலையில் சுகப்பிரசவ அறை. அதைக் கொண்டுவந்தது பஞ்சாயத்து பிரசிடெண்ட் செல்லையனின் கட்சி. மேல்நிலையில் சிசேரியனுக்கான தியேட்டர். அது பிளாக் தலைவர் பொன்னம்பலத்தின் கட்சி கொண்டுவந்தது. கட்சிகளின் பெயர் நமக்கு எதற்கு? ஊரில் கீழ்நிலைக்காரர், மேல்நிலைக்காரர் என்றுதான் சொன்னார்கள். கட்டிலும் விளக்கும் கருவிகளும் வந்துசேர்ந்தன. டாக்டர் ஸ்ரீகலா வந்தார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அகிலேஷ் வந்தார். திறப்பு விழா மட்டும் வரவில்லை. ஆகையால் இரண்டு அறையும் பூட்டிக் கிடந்தன. புதிய ஆம்புலன்சு ஒன்று, கழுத்தில் காய்ந்த மாலையோடு, யாராவது கொடியசைக்க மாட்டார்களா என்று வாசலைப் பார்த்தபடி நின்றது. நோவு வந்த பெண்கள் அந்த ஆம்புலன்சை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டோவில் ஏறி நெய்யாற்றின்கரை ஆசுபத்திரிக்குப் போனார்கள்.

வெளிநோயாளிப் பகுதியை ஒட்டிப் பெண்களுக்கென்று கட்டிய கழிப்பறையும் பூட்டித்தான் கிடந்தது. மாதம் ஏறிய வயிறோடு வரிசையில் நிற்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று ஆண்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பிஜியின் மாமியார் செல்லபாய் சொல்லிப் பார்த்தாள்.

“எலே, மூத்திரம் பெய்யதுக்குமா மந்திரி வரணும்?”

அப்போது எதிரே நின்றவர் ராஜதாஸ். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். விழா வரவேற்புக் குழுவின் கன்வீனர். நாற்பது வருடமாக அந்த வட்டாரத்தில் எது திறந்தாலும் வரவேற்றவர் அவர்தான். கோபமே வராத மனிதர்.

“அதுக்கு மந்திரி வேண்டாம் அம்மே. ஒரு பஞ்சாயத்து மெம்பர் வந்தா போதும். ஆனா அவருக்க தேதி கிட்டல்ல,” என்றார்.

ஒருவழியாக மந்திரி தேதி கொடுத்தார். ஒரே நாள், ஒரே ரிப்பன். அன்றைக்கு அவருக்கு வேறு பல திறப்புகளும் ஒரு கல்யாணமும் இருந்தன. எந்த அறையைத் திறப்பது என்று இரண்டு தரப்பும் முட்டிக்கொண்டன. மந்திரி திறக்கிற அறையின் கல்வெட்டு முன்சுவரில் பதியும். மற்றது பின்னால் ஜெனரேட்டர் கொட்டகையில். ராஜதாஸ் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: “அண்ணைக்கு எந்த முறியில முதல் பிள்ளை பிறக்கோ, அந்த முறிய மந்திரி திறப்பாரு.”

“திறக்காத முறியில எப்படி பிறக்கும்?” என்று ஒருவர் கேட்டார்.

“பிறக்கப்படாது. மந்திரி வந்த பிறகுதான் பிறக்கணும்.”

“மந்திரி தாமதிச்சா?”

“மந்திரிமாரு தாமதிக்கது வழக்கமாக்கும். பிள்ளை அதை அறியணும்.”

தீர்மானம் கையொலியோடு நிறைவேறியது. அந்தத் தேதியோடு பேறுகாலம் ஒத்துவந்த கர்ப்பிணி பஞ்சாயத்திலேயே பிஜி ஒருத்திதான்.

இது எதுவும் தெரியாமல் அவள் டாக்டர் ஸ்ரீகலா முன்னால் படுத்திருந்தாள். டாக்டர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். “தலை மேலயாக்கும் இருக்கு. குண்டி கீழ. ராஜா மாதிரி உக்காந்திருக்கு.”

“அப்ப கத்தியா டாக்டரே? கத்தி வச்சா என்ன ஆகும், வைக்காட்டி என்ன ஆகும்னு எனக்கு ஒண்ணு சொல்லித் தரணும்.”

“நல்ல கேள்வி பிஜி. அது வந்து...” என்று டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கதவு திறந்தது. ராஜதாஸ். பேனரில் போட டாக்டரின் போட்டோ வேண்டும், சிரித்த முகமாக, உடனே. டாக்டர் எழுந்து போனார். பிஜி சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தபோது முக்கில் வெடிச் சத்தம். பிள்ளையின் தலை மேலே இருக்கிறது என்று தெரிந்ததும் மேல்நிலைக்காரர்கள் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். அந்த ஊரில் வயிற்றில் இருப்பது வெளியே வர எத்தனையோ மாதம் ஆகும். வயிற்றைப் பற்றிய செய்தி வர ஒரு நிமிடம் போதும்.

அடுத்த தடவை பார்த்தபோது பிள்ளை புரண்டு தலையைக் கீழே கொண்டுவந்திருந்தது. கீழ்நிலைக்காரர்கள் முக்கில் பாயசம் பரிமாறினார்கள். பிஜி கேள்வியை எடுத்தாள். டாக்டரும் வாயெடுத்தார். குத்துவிளக்கு ஐந்து திரியா ஏழு திரியா என்று முடிவு செய்ய டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

அதற்கடுத்த தடவை பிள்ளை குறுக்கே கிடந்தது. தலை ஒரு விலாவில், கால் மறு விலாவில். இரண்டு கட்சி ஆபீசிலும் அன்றைக்கு விளக்கு எரியவில்லை. “சுயேச்சையா நிக்குது போல,” என்றான் வினீத்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. “ரெண்டாம் பேறுக்கு இப்படி புரளதுண்டு. ஆனா கடைசி நாளுல ஆசுபத்திரியில வந்து கிடக்கணும். பனிக்குடம் உடையும்போ பிள்ளை குறுக்க கிடந்தா ஆபத்தாக்கும். கேட்டியா?” என்றவர், நெய்யாற்றின்கரைக்குச் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தார்.

அன்று சாயங்காலமே செல்லையனும் பொன்னம்பலமும் ஒரே காரில் பிஜியின் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் இருவரும் ஒரு காரில் ஏறியது அதுதான் முதல் தடவை.

“மக்கா, நீ நெய்யாற்றின்கரைக்குப் போனா இந்த மண்ணுக்கு மானம் உண்டுமா?” என்று செல்லையன் தழுதழுத்தார்.

“வயிறு உனக்கதுதான். ஆனா பிள்ளை நாட்டுக்க சொத்தாக்கும்,” என்றார் பொன்னம்பலம்.

பிஜி டாக்டரிடம் போனில் கேட்டாள். டாக்டர் பெருமூச்சு விட்டார். “ரெண்டு முறியிலயும் எல்லாம் ரெடியாக்கும். நானும் உண்டு, அகிலேஷ் டாக்டரும் உண்டு. பூட்டுதான் பிரச்சனை. நேரம் வந்தா பூட்டை நான் பாத்துக்கிடுவேன்.” உள்ளே கிடந்து உருளுகிற பிள்ளையைக் கையால் அறிந்தவர் அவர் ஒருவர்தான். பிஜி இங்கேயே இருக்கச் சம்மதித்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஓட்டுப் பிடிக்கத் தொடங்கினார்கள். காலையில் கீழ்நிலைக்காரர்கள் வருவார்கள். உளுந்தங்கஞ்சியும் ஒரு தூக்குவாளி எண்ணெயும் கொடுத்து, குனிந்து நிமிர்ந்தால்தான் தலை கீழே வரும், முற்றத்தைத் தூத்துப் பெருக்கு என்பார்கள். மாலையில் மேல்நிலைக்காரர்கள் ஆப்பிளோடு வருவார்கள். குனியவே கூடாது, அசையாமல் படு என்பார்கள். பிஜி ஒருநாள் அழுதேவிட்டாள். செல்லபாய்க்கு அழத் தெரியாது.

“பிரசிடெண்டே, எப்படி தூத்து வாரணும்னு இவளுக்கு அறியாது. நீங்க ஒண்ணு காட்டிக் குடுங்க,” என்று விளக்குமாற்றை நீட்டினாள்.

செல்லையன் முற்றம் முழுவதும் தூத்தார். தென்னை மரத்தடியையும் தூத்தார். மாலையில் பொன்னம்பலம் வந்தபோது, அசையாமல் படுப்பது எப்படி என்று அவரைக் காட்டச் சொன்னாள். அவர் நார்க்கட்டிலில் படுத்தார். ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்டது. ஆப்பிளைச் செல்லபாய் அஞ்சுவுக்கு வெட்டிக் கொடுத்தாள்.

இந்தச் சண்டையை அறிவுப்பூர்வமாகத் தீர்க்க ராஜதாஸ் ஆசுபத்திரி ஹாலில் ஒரு கருத்தரங்கு வைத்தார். ‘சுகப்பிரசவமா, சிசேரியனா? கர்ப்பிணித் தாய்மார்களுக்கு ஒரு வழிகாட்டல்.’ பிஜிக்கு உயிர் வந்தது. கேள்விகளை மனதில் வரிசையாக அடுக்கிக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் அக்கம்பக்கத்து ஊர்களின் கர்ப்பிணிகள், ஆரியங்கோட்டிலிருந்துகூட வந்திருந்தார்கள். மேடையில் ஒன்பது ஆண்களும் டாக்டர் ஸ்ரீகலாவும் இருந்தார்கள். பேச்சாளர் வரிசையில் டாக்டர் பத்தாவது.

செல்லையன் மைக்கைப் பிடித்தார். “சுகப்பிரசவம் நம்முடைய பண்பாடு. என்னைப் பெற்ற தாய் ஒன்பது பேரைப் பெற்றாள். ஒரு தடவையாவது வலிக்கிறது என்று சொன்னாளா? இல்லை. சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரியாது, நான் கட்சி வேலையாக வெளியில் இருந்தேன். இன்றைய பெண்களுக்குப் பொறுமை இல்லை. என் மகளுக்குத் திருவனந்தபுரத்தில் சிசேரியன்தான் செய்தோம். அது வேறு விஷயம். அவள் வலி தாங்க மாட்டாள்.”

கைதட்டல். அடுத்து பொன்னம்பலம். “அறிவியல் யுகத்தில் இருக்கிறோம். மேலே தியேட்டரில் ஒன்பது பல்பு உள்ள ஒரு விளக்கு தொங்குகிறது. இருபது வருடம் எரியும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. எல்லோரும் கீழே வைத்தே பெற்றுக்கொண்டால் அந்த விளக்கின் கதி என்ன? அதன் கீழே படுக்க ஆள் வேண்டாமா? தாய்மார்கள் தங்களைப் பற்றி மட்டும் சிந்திக்கக் கூடாது.”

பிறகு ஒரு கவிஞர் தாய்மையைப் பற்றிப் பாடினார். ஒரு வங்கி மேலாளர் சேமிப்பைப் பற்றிப் பேசினார். கால்பந்து கிளப்பின் செயலாளர் எதைப் பற்றிப் பேசினார் என்று யாருக்கும் புரியவில்லை. கோல் விழுந்தது மட்டும் தெரிந்தது. டாக்டரின் முறை வந்தபோது ராஜதாஸ் கடிகாரத்தைப் பார்த்து, நேரமின்மையால் டாக்டர் தம் வாழ்த்தை ஒரு வாக்கியத்தில் சுருக்குவார் என்றார். “எல்லாரும் இரும்புச்சத்து மாத்திரை தின்னுங்க,” என்றார் டாக்டர். அதுதான் கருத்தரங்கில் வந்த ஒரே கருத்து.

பிஜி கையைத் தூக்கினாள். “சாரே, எனக்கு ஒண்ணு கேக்கணும்.”

“கேள்வி நேரம் உண்டு. நன்றியுரைக்குப் பிறகாக்கும்,” என்றார் ராஜதாஸ் அன்போடு.

நன்றியுரை முடிந்தவுடன் தேசிய கீதம். தேசிய கீதம் முடிந்தவுடன் நாற்காலியை அடுக்கினார்கள்.

விழா நாள் வந்தது. பிஜி சில நாட்களுக்கு முன்பே ஆசுபத்திரியில் வந்து படுத்திருந்தாள். அன்று காலையில் டாக்டர் பார்த்தபோது தலை கீழே இருந்தது. கீழ்நிலைக்காரர்கள் ஒரு சரம் வெடி போட்டார்கள். நர்சுகள் எல்லாம் சரிகைக் கரை போட்ட கசவுச் சேலை கட்டி, கையில் விளக்கும் பூவும் வைத்த தட்டோடு மந்திரியை எதிர்கொள்ள வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு ரவிக்கை தைத்தது பிஜிதான். இரண்டு வாசலுக்கும் குறுக்கே கட்டிய சிவப்பு ரிப்பனும் அவள் கடையில் வாங்கியது. “அது பரிசுப் பொட்டலம் கட்டுக ரிப்பன் சாரே, இழுத்தா நிக்காது,” என்று சொல்லித்தான் கொடுத்தாள். முதல் பிள்ளையின் முதல் அழுகையை ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்று ராஜதாஸ் இரண்டு அறைகளிலும் ஒவ்வொரு மைக் வைத்து, வெளியே பந்தலில் இருந்த ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார். நாற்பது வருட அனுபவம் சும்மாவா?

பிஜியையும் மேடையில் ஓரமாக உட்கார்த்தினார்கள். நிகழ்ச்சி நிரலில் அவள் பெயர் கடைசியில் இருந்தது: நன்றியுரை, செல்வி பிஜி. செல்வி எப்படி இந்த நிலைக்கு வந்தாள் என்று அச்சகத்தில் யாரும் யோசிக்கவில்லை.

மந்திரி வரவில்லை. அமரவிளையைத் தாண்டிவிட்டார் என்றார்கள். பிறகு அமரவிளைக்கு வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். காத்திருக்கிற நேரத்தில் வாழ்த்துரைகள் தொடங்கின. மூன்றாவது வாழ்த்துரையில் பிஜிக்கு இடுப்பில் ஒரு பிடி பிடித்தது. நாலாவதில் அது இறுகியது. மெல்ல எழுந்து ராஜதாஸின் தோளைத் தொட்டாள்.

“சாரே, நோவு வருது.”

அவர் காகிதத்தைப் பார்த்தார். “உனக்க பேரு கடைசியிலாக்கும் மக்கா. இன்னும் ஒரு அஞ்சுபேரு உண்டு.”

“அஞ்சுபேரு பேசதுக்குள்ள ஆறாமத்தவன் வந்துருவான் சாரே!”

சொல்லி வாய் மூடவில்லை, பனிக்குடம் உடைந்தது. மேடைக் கம்பளம் நனைந்தது. “அய்யோ, வெள்ளம் போயி!” என்று கத்திய ஒரு நர்சு, மந்திரிக்கு வைத்திருந்த தட்டைக் கவிஞரின் மடியில் வைத்துவிட்டு மேடைக்கு ஓடிவந்தாள். டாக்டர் ஸ்ரீகலா எழுந்தார்.

“டாக்டரே, அடுத்த வாழ்த்து உங்களதாக்கும்!” என்று ராஜதாஸ் மைக்கை நீட்டினார்.

“இப்ப நீங்க வழிய விட்டா அதே பெரிய வாழ்த்து,” என்று டாக்டர் பிஜியின் கையைப் பிடித்துக்கொண்டார். மறுகையைச் செல்லபாய் பிடித்தாள். பக்கத்திலேயே இருந்தது கீழ்நிலை அறை. வாசலில் ரிப்பன். தட்டில் இருந்த பொன்முலாம் கத்திரிக்கோலை இரண்டு தொண்டர்கள் காவல் காத்தார்கள். மந்திரி வராமல் தொடக்கூடாதாம். பிஜி நிற்கவில்லை. நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலில் வருகிறவளைப் போல வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு நேராக நடந்தாள். ரிப்பன் வயிற்றில் ஒரு வட்டம் வளைந்து பட்டென்று அறுந்தது.

“நான் அப்பவே சொன்னேம்லா, நிக்காதுன்னு,” என்றாள் நோவுக்கு நடுவிலும்.

பூட்டை என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். இரண்டு அறைப் பூட்டையும் காலையிலேயே டாக்டர் திறந்து வைத்துவிட்டுத்தான் மேடையில் போய் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தார் டாக்டர். பார்த்துக்கொண்டே இருந்தார். காலையில் கீழே இருந்த தலை அங்கே இல்லை. பிள்ளை மறுபடியும் குறுக்கே கிடந்தது. பிஜி டாக்டரின் முகத்தையே பார்த்தாள்.

“டாக்டரே, இப்பவாவது சொல்லுங்க. என்ன செய்யப்போறீங்க? ஏன் செய்யப்போறீங்க? எனக்கு என்ன ஆகும்?”

இந்தத் தடவை கதவைத் திறந்துகொண்டு யாரும் வரவில்லை. டாக்டர் குனிந்து அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

“பிஜி, இதுதான் நல்லது, அது கெட்டதுன்னு ஒண்ணு இல்ல. தலை கீழ வந்து, நோவு நேரா போயி, பிள்ளைக்க நெஞ்சுத் துடிப்பும் நல்லா இருந்தா, கத்தி இல்லாம பெறதுதான் பலபேருக்கும் லேசு. சீக்கிரம் எழும்பி நடக்கலாம், வயித்துல புண்ணு இல்ல, அடுத்த பேறுக்கும் பயம் குறைவு. ஆனா கிழியலாம், தையல் வரலாம், பல நாள் எரியலாம். அது உனக்கே அறியும். கத்தி வச்சா, அது பெரிய ஆபரேஷனாக்கும். ரத்தம் கூடப் போகும், புண்ணுல சீழு வராம பாக்கணும், எழும்ப நாளாகும், கனம் தூக்கப்படாது. அடுத்த பேறுன்னு வந்தா ஆரம்பத்திலயே டாக்டர்கிட்ட சொல்லணும். அதனால வேண்டாததுக்குக் கத்தி வைக்கப்படாது. வேணும்னா தாமதிக்கவும் படாது. இப்ப உனக்கு வேணும். பிள்ளை குறுக்க கிடக்கு, வெள்ளம் போயாச்சு. தொப்புள்கொடி முன்னால வந்து விழுந்தா பிள்ளைக்குக் காத்து கிட்டாது. நெஞ்சுத் துடிப்பு இப்ப நல்லாயிருக்கு. அதுக்குள்ள எடுக்கணும். முதுகுல ஒரு ஊசி. நீ முழிச்சிருப்ப, வலிக்காது, இழுக்கது மட்டும் தெரியும். சம்மதமா?”

பிஜிக்குக் கண் நிறைந்தது. பயத்தில் அல்ல. “இவ்வளவுதானா டாக்டரே? இதைக் கேக்கத்தானே நான் மாசக்கணக்கா நடந்தேன்? சம்மதம். எடுங்க.”

மக்களே, ராஜதாஸ் வைத்த மைக் அந்த அறையில் கட்டிலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் வெளியே பந்தலில், ஆலமர உயரத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டது. மேடையில் கால்பந்து செயலாளர் வாழ்த்தத் தொடங்கினார். “சும்மா இரும் ஓய்!” என்று ஆரியங்கோட்டுக் கர்ப்பிணி ஒருத்தி எழுந்து நின்று அதட்டினாள். அவர் உட்கார்ந்துவிட்டார். பந்தலில் இருந்த பெண்கள் எல்லோரும், வயிற்றில் கை வைத்தபடி, மூச்சுவிடாமல் கேட்டார்கள். செல்லையன் தன் தாய் ஒன்பது தடவை என்ன பட்டிருப்பாள் என்று முதல் தடவையாக யோசித்ததைப்போல் முகத்தை வைத்துக்கொண்டார். ஒருவேளை வெயிலாகவும் இருக்கலாம்.

தள்ளுவண்டியில் பிஜியை ஏற்றினார்கள். கசவுச் சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு நர்சுகளும், படகு தள்ளுகிற வேகத்தில் வினீத்தும் சாய்வுப் பாதையில் மேலே தள்ளினார்கள். மேல்நிலை வாசலிலும் ரிப்பன். முன்னால் ஓடிய செல்லபாய் நண்டுக்கால் உடைக்கிற பல்லால் அதைக் கடித்து எறிந்தாள். அகிலேஷ் டாக்டர் ஊசியோடு தயாராக நின்றார். தியேட்டரை மந்திரி பார்ப்பார் என்பதால் முந்தின நாளே மருந்தடித்து, துடைத்து, மறுபடியும் துடைத்து வைத்திருந்தார்கள். மந்திரியால் அந்த ஆசுபத்திரிக்கு அன்றைக்குக் கிடைத்த உண்மையான நன்மை அதுதான். உள்ளே நுழைந்ததும் டாக்டர் ஸ்ரீகலா அண்ணாந்து பார்த்தார்.

“என்னது அது, மைக்கா? அழுக்குப் பண்டத்த கொண்டு வெளிய எறிங்க!”

மைக் வெளியே போனது. ஒன்பது பல்பும் எரிந்தன.

மந்திரியின் கார் வாசலில் வந்து நின்றபோது மேல்மாடியிலிருந்து ஒரு அழுகை கேட்டது. ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. பெண்பிள்ளை. பந்தல் முழுக்கக் குரவையிட்டது. மந்திரி தமக்குத்தான் என்று நினைத்துக் கைகூப்பினார்.

பிறகு திறக்கப் போனார். கீழ்நிலையில் ரிப்பன் இல்லை. மேல்நிலையில் செல்லபாயின் பல் பதிந்த துண்டு மட்டும் தரையில் கிடந்தது. “நோவு வந்தது கீழ, அதனால எங்க முறி!” என்றார் செல்லையன். “பிறந்தது மேல!” என்றார் பொன்னம்பலம். மந்திரி கையில் பொன்முலாம் கத்திரிக்கோலோடு இங்கும் அங்கும் பார்த்தார். எதையாவது திறக்காமல் அவர் எந்த ஊரிலிருந்தும் திரும்பிப் போனதில்லை.

“சாரே,” என்றாள் செல்லபாய், “அந்தால ஒண்ணு பூட்டிக் கிடக்கு. திறந்தா பெண்ணுங்களுக்கு உபகாரமாக்கும்.”

கையில் இருந்த கத்திரிக்கோல் சும்மா இருக்க விடவில்லை. அவசரமாக ஒரு ரிப்பன் கட்டினார்கள். கத்திரிக்கோல் மழுங்கியிருந்தது, மந்திரி இழுத்துத்தான் அறுத்தார். பிறகு எழுதிக்கொண்டு வந்த பேச்சை ஒரு எழுத்து மாற்றாமல் கழிப்பறை வாசலில் நின்று வாசித்தார்: “இந்த வாசலுக்குள் வேதனையோடு நுழைகிற ஒவ்வொரு தாயும் நிறைந்த மகிழ்ச்சியோடு வெளியே வருவாள். இதற்காக எத்தனை காலம் காத்திருந்தோம்!”

அவர் வாழ்நாளில் பேசிய பேச்சுகளில் மிக உண்மையானது அது என்று அங்கே நின்ற பெண்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

பிஜிக்குப் புண் ஆற நாளாயிற்று, டாக்டர் சொன்னபடியே. ஆனால் இந்தத் தடவை எல்லாம் தெரிந்த வலி. உள்ளே எத்தனை அடுக்காகத் தைத்தார்கள், எந்த நூல் தானே கரையும், எதைப் பிரிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுத்தான் போவார். கட்டு மாற்றும்போது பிஜி கண்ணாடி கேட்டு வாங்கி வெளித்தையலைப் பார்த்தாள். “இழை சுருங்காம வந்திருக்கு டாக்டரே. கை பழகினதாக்கும்,” என்றாள். டாக்டருக்கு அதைவிடப் பெரிய விருது இதுவரை கிடைக்கவில்லை.

மெல்ல நடக்கலாம் என்று சொன்ன அன்று, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் சுவரைப் பிடித்துக்கொண்டு பிஜி கழிப்பறைக்கு நடந்தாள். வாசலில் புத்தம் புதிய கல்வெட்டு. மந்திரி, செல்லையன், பொன்னம்பலம், ராஜதாஸ் எல்லோருடைய பெயரும் பொன்னிற எழுத்தில் மின்னின. அதன் கீழே ராஜதாஸே நின்றுகொண்டிருந்தார். மற்ற இரண்டு கல்வெட்டுகள் அவர் காலடியில் சுவரில் சாய்ந்து கிடந்தன.

“மக்கா, உன்னைத்தான் பாக்க வந்தேன். முன்சுவருல எதைப் பதிக்கணும்னு இன்னும் தீரல்ல. கமிட்டி உனக்க வாய்மொழிய கேக்கச் சொல்லியிருக்கு. நோவு கீழ, பிறவி மேல. நீயே சொல்லு, பிள்ளை சரியா எங்க பிறந்தது?”

“என்கிட்டயாக்கும் சாரே பிறந்தது,” என்றாள் பிஜி.

ராஜதாஸ் அதைத் தாளில் எழுதலாமா என்று யோசித்தார். “அப்புறம், அண்ணைக்குள்ள நன்றியுரையும் பாக்கி உண்டு...”

பிஜி கதவைத் தள்ளி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். விளக்கேற்றாமல், வாழ்த்துரை இல்லாமல், காரியம் இனிதே நிறைவேறியது.